மங்கலான கம்பெனி லோகோவ வினைல் கட்டிங்குக்கு ரெடி பண்றது எப்படி

பர்மாவோட யாங்கோன்ல சட்டையில லோகோ ஒட்டற வேலை பாக்கிறவங்களுக்கு லோகோ எந்த வழியா வரும்னு தெரியும், வைபர்ங்கற மெசேஜ் ஆப்லதான் வரும், அதுவும் யாரோ யாருக்கோ அனுப்பி அவங்க இன்னொருத்தருக்கு தள்ளிவிட்டு நம்ம கைக்கு வர்றப்ப 300 பிக்சல் அகலத்துல, எழுத்தைச் சுத்தி கொசு மொய்ச்ச மாதிரி புள்ளி புள்ளியா ஒரு ஜேபெக் இருக்கும். கூடவே "20 சட்டை, வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்"னு ஒரு மெசேஜ். பேப்பர்ல பிரிண்ட் எடுக்கறதுன்னா அதையே கூட எப்படியாவது ஒப்பேத்திடலாம். ஆனா நம்ம வேலை வினைல்ங்கற கலர் பிளாஸ்டிக் ஷீட்ட லோகோ வடிவத்துல வெட்டி, வேண்டாதத உரிச்சு, ஹீட் பிரஸ்ல சட்டையில சூடா அழுத்தி ஒட்டறது. வெட்டற கட்டர்ல இருக்கறது ஒரு சின்ன கத்தி, அதுக்கு எங்க போகணும்னு ஒரு கோடு வேணும், கோடு நடுங்கினா கத்தியும் நடுங்கும்.

முதல்ல கேட்டுப் பாருங்க. அந்த கம்பெனிக்கு விசிட்டிங் கார்டு அடிச்ச பிரஸ்லயோ போர்டு செஞ்ச கடையிலயோ கோரல்டிரா ஃபைலோ இல்லஸ்ட்ரேட்டரோட ஏஐ ஃபைலோ இருக்க வாய்ப்பு அதிகம். இல்லேன்னா பில்லு, லெட்டர்ஹெட், கேட்டலாக் ஏதாவது பிடிஎஃப்பா இருக்கான்னு கேளுங்க. அதைத் திறந்து 1600 சதவீதம் பெருசாக்கிப் பாருங்க, அப்பவும் ஓரம் கூர்மையா இருந்தா அது வெக்டர், அதாவது புள்ளியா இல்லாம கோடாவே வரைஞ்ச ஃபைல், இங்க்ஸ்கேப்ங்கற வரையற சாஃப்ட்வேர்ல திறந்து லோகோவ மட்டும் எடுத்துக்கலாம், பாதி வேலை முடிஞ்சது. சிலர் அதே ஜேபெக்க கோரல்ல போட்டு சேவ் பண்ணி "வெக்டர் ஃபைல்"னு அனுப்புவாங்க, அதுல ஒரு லாபமும் இல்ல. எதுவுமே கிடைக்கலேன்னா விசிட்டிங் கார்ட வாங்கி 1200 டிபிஐல ஸ்கேன் பண்ணுங்க, வைபர் படத்தவிட அது எவ்வளவோ மேல். கடை போர்ட போட்டோ எடுக்கறதா இருந்தா கீழ நின்னு அண்ணாந்து எடுக்காதீங்க, அனவ்ரதா ரோடு மாதிரி இடத்துல எதிர் பிளாட்பாரத்துக்குப் போய் நேரா நின்னு கொஞ்சம் ஜூம் பண்ணி எடுத்தா கோணல் ரொம்ப கம்மியா இருக்கும்.

அடுத்தது அளவு. இத வரையறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடணும், ஏன்னா நெஞ்சுப் பக்கம் வைக்கிற லோகோ 9, 10 செமீதான் வரும், முதுகுல வைக்கிறது 28 செமீ வரைக்கும் போகும், ரெண்டுக்கும் ஒரே டிசைன் சரியா வராது. நெஞ்சு அளவுக்கு சுருக்கினப்புறம் 1 மிமீக்கு கீழ இருக்கற கோடு, 6 மிமீக்கு கீழ இருக்கற எழுத்து எல்லாம் சந்தேகம்தான், வெட்டும்போது வந்தாலும் உரிக்கும்போது கையோட வந்துடும். லோகோவுக்கு கீழ பொடிசா இருக்கற விலாசம், போன் நம்பர், "சின்ஸ்"னு போட்ட வருஷம் இதெல்லாம் நெஞ்சுப் பக்கம் வேண்டாம்னு கஸ்டமர்கிட்ட தைரியமா சொல்லுங்க. ஏ4 பேப்பர்ல நிஜ அளவுல கருப்புல பிரிண்ட் எடுத்து சட்டை மேல வச்சு காட்டினா அவங்களே ஒத்துக்குவாங்க.

இப்ப படத்த சுத்தம் பண்ற வேலை. கிம்ப்ங்கற போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர்ல திறந்து 4 மடங்கு பெருசாக்குங்க, கருப்பு வெள்ளையாக்குங்க, காஸியன் பிளர் கொஞ்சமா குடுங்க, அப்புறம் த்ரெஷோல்ட், அதாவது சாம்பல் எல்லாத்தையும் முழு கருப்பு இல்லேன்னா முழு வெள்ளையா பிரிக்கறது. பிளர் எதுக்குன்னா, படிக்கட்டு மாதிரி இருக்கற ஓரம் குழைஞ்சு சரிவாயிடும், த்ரெஷோல்ட் அந்த சரிவுல நடுவுல ஒரே கோடா பிடிச்சுக்கும். இத இங்க்ஸ்கேப்ல பாத் மெனுவுல இருக்கற, படத்த கோடா மாத்தற ட்ரேஸ் பிட்மேப்ல போடுங்க, பிரைட்னஸ் கட்ஆஃப் ஒரே ஸ்கேன், அப்புறம் அடியில இருக்கற படத்த அழிச்சுட்டு கோட்ட எளிமையாக்கற கன்ட்ரோல் எல் ஒரு தடவை. நோட், அதாவது கோட்ட பிடிச்சு வைக்கிற புள்ளி, எத்தனை இருக்குன்னு கட்டாயம் பாருங்க. ஒரு வட்டத்துக்கு 4 நோட் போதும், ட்ரேஸ் பண்ணது 50, 60 வைக்கும், அந்த ஒவ்வொரு நோட்லயும் கத்தி தடுக்கி தடுக்கி போகும், வினைல் ஓரம் பிசிறடிக்கும். என்னைக் கேட்டா இலை, மயில், கையால வரைஞ்ச படம் இதுக்கு மட்டும் ட்ரேஸ நம்பலாம், வட்டம் சதுரம் எல்லாம் ட்ரேஸ் மேலயே புதுசா போட்டுக்கறதுதான் நல்லது, எழுத்தையும் சரியான ஃபாண்ட் கண்டுபிடிச்சு புதுசா அடிங்க.

எழுத்துல, அதுலயும் பர்மிய எழுத்துல, ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். முழு வட்டமா மூடியிருந்தா அது 'வ'. அதே வட்டம் மேல திறந்திருந்தா 'ப', வலது பக்கம் திறந்திருந்தா 'ங', கீழ திறந்திருந்தா வரிசையில மூணாவதா வர்ற 'க'. மங்கலான படத்துல அந்த சின்ன இடைவெளிதான் முதல்ல அடைஞ்சு போகும், ட்ரேஸ் பண்ற சாஃப்ட்வேருக்கு அது என்ன எழுத்துன்னு தெரியாது, பேசாம மூடிடும், முதலாளி பேரே வேறயாயிடும். பக்கத்துல ரெண்டு புள்ளி, அடியில ஒரு புள்ளி வருமே, அது விழுந்தா உச்சரிப்பும் அர்த்தமும் மாறிடும், உரிக்கறப்ப முதல்ல பறக்கறதும் அதுதான். தமிழ்ல பேர் போட்டா மெய்யெழுத்து புள்ளிக்கும் இதே கதிதான். அதனால புள்ளிகள மட்டும் தனியா செலக்ட் பண்ணி கொஞ்சம் பெருசாக்குங்க, இடைவெளிய கொஞ்சம் அகலமாக்குங்க, பாக்கறவங்க கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

புதுசா அடிக்கறப்ப இன்னொரு சிக்கல் ஜாஜி, அதாவது யூனிகோடோட ஒத்துப்போகாத பழைய பர்மிய ஃபாண்ட் முறை. 2019 அக்டோபர்லயே நாடு யூனிகோடுக்கு மாறியாச்சு, ஆனா பழைய ஃபைல்ல இருந்து கஸ்டமர் காப்பி பண்ணி அனுப்பற பேர் ஜாஜியில இருந்தா பியிடவுங்சு மாதிரி யூனிகோட் ஃபாண்ட்ல எழுத்து இடம் மாறி குழம்பிப் போகும். யூனிகோடுக்கு மாத்திட்டு, பர்மிய எழுத்து நல்லா படிக்கத் தெரிஞ்சவங்க ஒருத்தர சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. அது சரியா இருந்தா இங்க்ஸ்கேப்ல ஆப்ஜெக்ட் டு பாத் குடுத்து எழுத்த கோடாக்குங்க, அப்புறம் யூனியன் குடுத்து எல்லாத்தையும் ஒண்ணாக்குங்க. யூனியன் பண்ணலேன்னா ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கற இடத்துலயும் கத்தி குறுக்க வெட்டிடும்.

கலர் எத்தனையோ அத்தனை வினைல், அத்தனை தடவை அழுத்தம். ஷேட், நிழல், பளபளப்பு எல்லாம் எடுத்துட்டு ஒரு கலர் இல்ல ரெண்டு கலர்ல கொண்டு வாங்க. ஷேட் இல்லாம முடியவே முடியாதுன்னு அவங்க அடம் பிடிச்சா அது டிடிஎஃப் வேலை, அதாவது ஃபிலிம்ல பிரிண்ட் எடுத்து சட்டையில ஒட்டறது, வினைல்ல முயற்சி பண்ணாதீங்க.

வெட்டறதுக்கு முன்னாடி மிரர் பண்ணுங்க, அதாவது டிசைன இடம் வலமா திருப்பிடுங்க. மூலையில ஒரு சின்ன முக்கோணம் டெஸ்ட் கட், வினைல் மட்டும் அறுந்து அடியில இருக்கற பிளாஸ்டிக் ஷீட்ல லேசா கீறல் விழுந்தா போதும். கரண்ட் எப்ப போகும்னு சொல்ல முடியாத ஊர்ல கட்டரும் கம்ப்யூட்டரும் யுபிஎஸ்ல இருக்கட்டும், பாதியில நின்னா அந்த இடத்துல இருந்து மறுபடி ஒழுங்கா தொடர்றது கஷ்டம். ஹீட் பிரஸ் 1000 வாட்டுக்கு மேல இழுக்கும், சின்ன இன்வெர்ட்டர் தாங்காது, அதனால வெட்டி உரிச்சு எல்லாத்தையும் அடுக்கி வச்சுட்டு கரண்ட் இருக்கற நேரத்துல ஒரே மூச்சா அழுத்திடுங்க. காட்டன் சட்டைக்கு சாதாரண பியூ (பாலியூரித்தேன்) வினைல்னா 150, 160 டிகிரி, 10லருந்து 15 செகண்ட், ரெண்டு கலர்னா அடிக்கலர 2, 3 செகண்டோட நிறுத்திக்கணும், இல்லேன்னா சுருங்கி மேல்கலர் பொருந்தாது. பாலியஸ்டர் ஜெர்சியில சூட்ட குறைங்க, சிவப்பு ஜெர்சியில வெள்ளை வினைல் வச்சா சாயம் ஏறி ரோஸாயிடும், அதுக்குன்னே சாயத்த தடுக்கற பிளாக்கர் வினைல் இருக்கு. சட்டைய குடுக்கறப்ப 24 மணி நேரம் கழிச்சுதான் துவைக்கணும், உள்பக்கம் வெளிய திருப்பி துவைக்கணும், லோகோ மேல இஸ்திரிப் பெட்டிய நேரா வைக்கக்கூடாதுன்னு ஒரு சீட்டு எழுதி உள்ள வச்சுடுங்க.