டிஸ்க்கைக் காணோம் என்றதும் ஃபார்மட் அடிக்கக் கிளம்பாதீர்கள்

காவேரிப்பட்டணத்தில் ஒரு மாங்காய் மண்டி. ஜூன் மாதம், காலை ஆறரை மணி. பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரிகள் எடைமேடைக்கு வெளியே வரிசையாக நிற்கின்றன. எடைச்சீட்டு கையில் வந்தால்தான் கூழ் ஆலைக்குக் கிளம்பும். எடைமேடை கம்ப்யூட்டரிலோ நீலத் திரை. "அண்ணா, ஹார்டு டிஸ்க் போயிடுச்சுண்ணா, புதுசு ஒண்ணு எடுத்துட்டு வந்துடுங்க" என்று எனக்குப் போன்.

போய்ப் பார்த்தால் டிஸ்க் கல்லு மாதிரி இருக்கிறது. நடந்தது இதுதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடியும் நாள் 2025 அக்டோபர் 14 என்று எங்கோ படித்துவிட்டு, கணக்குப் பார்க்கும் தம்பி முந்தின நாள் ராத்திரி விண்டோஸ் 11 போட உட்கார்ந்திருக்கிறார். 'டிபிஎம் 2.0 இல்லை' என்று, அதாவது அதற்கு வேண்டிய பாதுகாப்பு வசதி ஆன் ஆகவில்லை என்று, அது மறுத்திருக்கிறது. அதை ஆன் செய்ய, கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போனவர், எதையோ மாற்றிக் குழம்பி, எல்லாம் பழையபடி ஆகட்டும் என்று 'லோட் டிஃபால்ட்ஸ்' அழுத்திவிட்டார்.

இதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. டிஃபால்ட் என்பது நம் கம்ப்யூட்டர் நேற்று இருந்த நிலை அல்ல, போர்டு தயாரித்த இடத்தில் வைத்து அனுப்பிய நிலை. இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து பல கம்ப்யூட்டர்களில் விஎம்டி என்று ஓர் அமைப்பு இருக்கிறது. எஸ்எஸ்டி டிஸ்க்கை விண்டோஸ் நேரடியாகப் பார்க்காமல் இன்டெல் வழியாகப் பார்க்கும் ஏற்பாடு. மண்டி கம்ப்யூட்டருக்கு முதலில் ஓஎஸ் போட்டவர் அதை அணைத்துவிட்டுத்தான் போட்டிருக்கிறார். டிஃபால்ட் அழுத்தியதும் அது மறுபடி உயிர்பெற்றுவிட்டது.

ஒவ்வொரு பாகத்தோடும் பேச விண்டோஸுக்கு டிரைவர் என்ற சிறு மென்பொருள் வேண்டும். விண்டோஸ் கிளம்பும் நேரத்தில் எல்லா டிரைவரையும் ஏற்றாது. பூட் ஆக எது வேண்டும் என்று முன்பே குறித்து வைத்திருக்கிறதோ, அதை மட்டும் ஏற்றும். பயாஸில் டிஸ்க்கைப் பார்க்கும் முறை மாறியதும் கதவுப் பூட்டை மாற்றிவிட்டுப் பழைய சாவியைக் கொடுத்த கதையாகிவிடுகிறது. சி டிரைவைத் திறக்க முடியாமல் 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத் திரை போட்டுவிட்டு நின்றுவிடுகிறது. பழைய ஆட்கள் இதை 'செவன் பி எரர்' என்பார்கள். பயாஸில் விஎம்டியை அணைத்தேன், விண்டோஸ் 10 வந்துவிட்டது. மொத்தம் ஐந்து நிமிடம். கிருஷ்ணகிரியிலிருந்து வண்டி ஓட்டிவந்த நேரம்தான் அதிகம்.

ஆனால் நான் போவதற்குள் அந்தத் தம்பி அடுத்த தவறுக்கும் தயாராக இருந்தார். பென் டிரைவில் விண்டோஸ் 11 போட்டு பூட் செய்திருக்கிறார், டிஸ்க் பட்டியல் காலியாக வந்திருக்கிறது. டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டியது அதைப் பார்த்துத்தான். விஎம்டி ஆன் ஆகியிருந்தால், அதற்கான டிரைவர் இல்லாத விண்டோஸ் பென் டிரைவில் எந்த டிஸ்க்கும் தெரியாது. பயாஸில் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். அங்கே தெரிந்து இங்கே தெரியாவிட்டால் பெரும்பாலும் டிரைவர் கோளாறுதான். விஎம்டிக்கு வேண்டியது இன்டெலின் ஆர்எஸ்டி டிரைவர். உங்கள் மாடலுக்கானதை இறக்கி, பென் டிரைவில் வைத்து, 'லோட் டிரைவர்' அழுத்திக் காட்டினால் டிஸ்க் எழுந்து வரும். இறக்கிய இஎக்ஸ்இ கோப்பை அப்படியே வைத்துவிட்டு 'டிரைவர் எடுக்கவே மாட்டேங்குது' என்பவர்கள் உண்டு. அந்தத் திரைக்கு வேண்டியது ஐஎன்எஃப் கோப்பு. இஎக்ஸ்இயைப் பிரித்து உள்ளே இருப்பதை வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

சரி, பயாஸ் முறையை வேண்டுமென்றே மாற்ற நினைத்தால்? ரெய்டிலிருந்து (இன்டெல் வழியாகப் பார்க்கும் முறை) ஏஹெச்சிஐக்கு (விண்டோஸ் நேரடியாகப் பார்க்கும் முறை) மாற்ற விண்டோஸை அழித்துப் போடத் தேவையில்லை. முதலில் விண்டோஸிலேயே இருக்கும் எம்எஸ்கான்ஃபிக் கருவியைத் திறந்து, பூட் பகுதியில் 'சேஃப் பூட்' டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போதே பயாஸுக்குள் போய் முறையை மாற்றுங்கள். அடிப்படை டிரைவர்களோடு மட்டும் கிளம்பும் சேஃப் மோடில் ஒருமுறை ஏறினால் விண்டோஸ் புது டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் டிக்கை எடுத்துவிடுங்கள்.

இதில் நான் கைசுட்டுக்கொண்ட கதையும் உண்டு. தருமபுரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி லேப்டாப் கொண்டுவந்தார். இதே மாதிரி முறையை மாற்றினேன். அடுத்த முறை பூட் ஆகும்போது, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்கக் கீயைக் கேட்டது. பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று நான் பார்க்கவே இல்லை. அந்தக் கீ மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், கணக்கைத் திறந்தது லேப்டாப் விற்ற கடைக்காரர், எந்த ஈமெயிலில் என்று யாருக்கும் நினைவில்லை. முறையைப் பழையபடி திருப்பி வைத்ததும் நல்லவேளையாக வழிவிட்டது. எப்போதும் அப்படி விடும் என்று நம்ப முடியாது. பயாஸைத் தொடுவதற்கு முன் பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்துவிட்டு, கீயைத் தாளில் எழுதி வைத்த பிறகுதான் இப்போது வேலையைத் தொடங்குகிறேன்.

அப்டேட் எல்லாருக்கும் வந்தும் உங்களுக்கு மட்டும் வரவில்லையென்றால், விண்டோஸின் முழு ஐஎஸ்ஓ கோப்பை இறக்கிக் குறுக்கு வழியில் ஏற்றுவது இன்னொரு தவறு. வராததற்குக் காரணம் இருக்கலாம். 2019-இல் இன்டெல் ஆர்எஸ்டி டிரைவர் 15.1.0.1002 முதல் 15.5.2.1053 வரை இருந்த கம்ப்யூட்டர்களுக்கு விண்டோஸ் 10-இன் புதுப் பதிப்பை மைக்ரோசாஃப்டே நிறுத்தி வைத்தது. டிரைவரை 15.5.2.1054 ஆக்கியவர்களுக்கு வந்தது. சில நேரம் டிரைவர் மேல் குற்றமே இருக்காது. 2024-இல் விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 வந்தபோது வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்என்770, எஸ்என்580 வகைகளில் 2 டிபி எஸ்எஸ்டி வைத்திருந்தவர்களுக்கு நீலத் திரை வந்தது. அது தீர்ந்தது எஸ்எஸ்டிக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்த பிறகுதான். இந்த இடத்தில் 'எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்' என்று விளம்பரம் போடும் மென்பொருள்களை நம்பி இறங்காதீர்கள். லேப்டாப் என்றால் அதன் நிறுவனத் தளம், அசெம்பிள் செய்தது என்றால் மதர்போர்டு நிறுவனத் தளம், அவ்வளவுதான்.

சி டிரைவ் நிறைந்துவிட்டது என்று, புதுப் பதிப்பு ஏறிய மறுநாளே பழைய விண்டோஸ் இருக்கும் 'விண்டோஸ்.ஓல்டு' ஃபோல்டரை அழிப்பவர்களும் இருக்கிறார்கள். பழைய பதிப்புக்குத் திரும்ப 10 நாள் அவகாசம் இருக்கிறது. அந்த ஃபோல்டர் போனால் அந்த வழியும் போச்சு.

பழைய டெஸ்க்டாப்பில் ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போய், காலையில் இதே நீலத் திரை வந்தால் அப்டேட்டைத் திட்டுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தால் போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது, பயாஸ் தானாகவே டிஃபால்ட்டுக்குப் போய்விட்டது. பேட்டரியை மாற்றி, முறையைத் திருத்தினால் போதும்.

மண்டியிலிருந்து கிளம்பும் முன் 'விஎம்டி ஆஃப், டிபிஎம் ஆன்' என்று ஒரு தாளில் எழுதி கேபினட் மேல் செல்லோ டேப் போட்டு ஒட்டினேன். விண்டோஸ் 11-ஐ ஆடி பிறந்து, லாரி வரத்து நின்ற பிறகு போட்டுக்கொடுத்தேன்.