இருபத்திரண்டு தீர்த்தமும் ஒரு வாடகைக் காரும்: வடசொல்லின் பொருளைத் தேடும் வழி

ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவன் நான். காசியும் நாசிக்கும் ராஜமுந்திரியும் ஒரே வரிசையில் வந்து சாவி கேட்கும். சில வருஷத்துக்கு முன்னால் இந்தி பேசும் பெரியவர் ஒருவர், இங்கே என்ன விசேஷம் என்றார். எனக்குத் தெரிந்த இந்தியில் "பாயீஸ் தீர்த்" என்றேன். உடனே மகனைக் கூப்பிட்டு, இரண்டு நாளைக்குக் கார் பேசச் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு ஊர் என்று நினைத்துவிட்டார், பாவம். எல்லாம் கோயிலுக்குள்ளே இருக்கிற கிணறும் குளமும்தான் என்று நான் புரியவைப்பதற்குள் டிரைவர் அட்வான்ஸ் வாங்கியாயிற்று.

அன்றைக்குத்தான், ஒரே வடசொல்லுக்கு ஊருக்கு ஊர் என்ன பொருள் என்று எழுதிவைக்க ஒரு நோட்டுப் போட்டேன். அதில் பழகிய முறையைச் சொல்கிறேன்.

யாரிடமும் நேராகப் பொருள் கேட்காதீர்கள். தீர்த்தம் என்றால் என்ன என்று கேட்டால், எந்த ஊர்க்காரரும் "புனிதம்" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். பேசவிட்டு, அந்தச் சொல்லோடு என்ன வினை வருகிறது என்று கவனியுங்கள். நாம் தீர்த்தம் ஆடுவோம், குடிப்போம், தெளிப்போம். இந்திக்காரர் தீர்த்தத்துக்குப் போவார். அவருக்கு அது தலம். மராத்திக்காரர் நம்மைப் போலவே உள்ளங்கையில் வாங்கிக் குடிப்பார். ஆனால் அப்பாவுக்குக் கடிதம் எழுதினால் "தீர்த்தரூப்" என்று தொடங்குவது அவர்கள் பழைய வழக்கம். தெலுங்கிலும் குடிக்கிற தீர்த்தம் உண்டு. கூடவே கோதாவரிப் பக்கம் திருவிழாக் கூட்டத்துக்கும் தீர்த்தம் என்றே பெயர். அங்கே கோனசீமாவில் கனும அன்று, அதாவது நம் மாட்டுப் பொங்கல் நாளில், நடப்பது "பிரபல தீர்த்தம்". இதில் பிரபலம் எதுவும் இல்லை. ப்ரப என்பது தோளில் தூக்கி வரும் அலங்காரத் தட்டி, அதன் பன்மை ப்ரபலு, 'ப்ரபல' என்றால் அந்தத் தட்டிகளின் என்று பொருள்.

அப்புறம் அகராதிக்குப் போங்கள். சமஸ்கிருதத்துக்கு மோனியர் வில்லியம்ஸின் 1899 அகராதி, வட இந்திய மொழிகளுக்கு டர்னர், தெலுங்குக்குப் பிரௌன், நமக்குத் தமிழ் லெக்சிகன். முதலாவது ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழக இணையதளத்திலும், மற்றவை சிகாகோ பல்கலைக்கழக இணையதளத்திலும் கிடைக்கும். முதலில் வேரைப் பாருங்கள். தீர்த்தத்தின் வேருக்குக் கடந்து போதல் என்று பொருள். ஆற்றில் இறங்கிக் கடக்கிற இடம்தான் ஆதிப் பொருள். இறங்கிய இடத்தில் குளித்தார்கள், குளித்த இடம் தலமானது. வடக்கே தலத்தோடு நின்றுவிட்டது, நம் பக்கம் அந்தத் தண்ணீருக்கே பெயர் ஒட்டிக்கொண்டது. சமணர்களின் 24 தீர்த்தங்கரர்களுக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை. பிறவியைக் கடக்கத் துறை அமைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள்.

துறை என்று சொன்னேன் இல்லையா, அதுதான் எனக்குப் பிடித்த கட்டம். வடசொல்லுக்கு ஈடான சொந்தச் சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் "துறை" படகு இறங்கும் இடம், குளிக்கும் இடம், அரசாங்க இலாகா, படிப்பின் ஒரு பிரிவு. அர்த்தசாஸ்திரத்தில் அரசின் 18 உயர் பதவிகளுக்குப் பெயர் தீர்த்தம். ஒரே குருவிடம் படித்தவர்கள் சதீர்த்தியர். ஒன்றிலிருந்து ஒன்று கடன் வாங்கவில்லை, இரண்டும் கரையோரத்துப் புத்தி.

தேய்ந்த வடிவத்தையும் விடாதீர்கள். பாலி மொழியில் தித்த, இந்திப் பேச்சில் தீரத், சிங்களத்தில் துறைக்குத் தொட. நம் மீனவர்கள் சொல்லும் இலங்கைத் துறைமுகம் அம்பாந்தோட்டையில் இருப்பது இந்தத் தொடதான். நான் வெகுநாள் தோட்டம் என்றே நினைத்திருந்தேன்.

கேலி வழக்கையும் எழுதிக்கொள்ளுங்கள், கூச்சப்பட வேண்டாம். எங்கள் தெருவில் சாயங்காலம் ஒருவர் "தீர்த்தம் சாப்பிடப் போறேன்" என்றால் அவர் கோயில் பக்கம் போகவில்லை என்று அர்த்தம்.

இப்போது இந்திக்காரர்களிடம் "பாயீஸ் குண்ட்" என்கிறேன். குண்ட் என்றால் அவர்களுக்குக் குளம். யாரும் கார் கேட்பதில்லை. ஈரத்துணியை எங்கே காயப்போடுவது என்றுதான் கேட்கிறார்கள்; மொட்டை மாடியில் கொடி கட்டியிருக்கிறேன்.