கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள்: பதற்றமின்றி ஆயத்தமாவது எப்படி?

கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில், டிசம்பர் மூன்றாம் வாரத்தில் கிறிஸ்தவ வீடு ஒன்றுக்குள் நுழைந்தால் பெரும்பாலும் ஒரே காட்சியைத்தான் காணலாம்: அடுப்பில் எண்ணெய்ச் சட்டி, மேசையில் அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, தையற்கடையிலிருந்து இன்னும் வந்துசேராத சட்டை, இவற்றுக்கு நடுவே உட்கார நேரமில்லாத தாய். எதிர்பார்த்த இரவு வரும்போது அவர் நள்ளிரவுத் திருப்பலியிலேயே கண்ணயர்ந்துவிடுகிறார். நான்கு வாரங்களுக்கு உரிய வேலையை நான்கு நாள்களில் முடிக்க முற்படுவதே இந்தக் களைப்புக்குக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கத்தோலிக்கர் திருவருகைக் காலம் என்றும், சீர்திருத்தச் சபையார் அட்வெந்து என்றும் அழைக்கும் காலம், நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும் ஞாயிறன்று தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் எந்தக் கிழமையில் வருகிறது என்பதைப் பொறுத்து அது 22 நாள் முதல் 28 நாள் வரை நீளும். 2023இல் கிறிஸ்துமஸ் திங்கட்கிழமை வந்ததால், நான்காம் ஞாயிறே 24ஆம் தேதியாகி, கடைசி வாரம் என்று ஒன்று இல்லாமலே போனது. ஆகவே, முதலில் நாள்காட்டியை எடுத்து நான்கு ஞாயிறுகளையும் வட்டமிடுங்கள். மூன்றாம் ஞாயிறுக்கு அடுத்த சனிக்கிழமைக்குள் அடுப்பு வேலை முடிந்துவிட வேண்டும் என்று வீட்டார் அனைவரும் கூடிப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

சில வேலைகள் அதற்கும் முன்பே தொடங்க வேண்டியவை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் ரயிலில் வருவதானால், முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள்களுக்கு முன்பே திறந்துவிடுகிறது. டிசம்பர் 22 பயணத்துக்கான சீட்டை அக்டோபர் 23 காலையிலேயே எடுத்தாக வேண்டும். துணியைத் தீபாவளி நெரிசல் ஓய்ந்த உடனே தைக்கக் கொடுத்துவிடுங்கள். அரிசி, வெல்லம், எண்ணெய் போன்றவற்றை முதல் வாரத்திலேயே வாங்கி வைப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் விடாது என்பதும், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தூத்துக்குடியும் நெல்லையும் வெள்ளத்தில் மிதந்ததும் நம் நினைவில் இருக்கட்டும்.

இனி பலகாரத்துக்கு வருவோம். முறுக்கு, அச்சு முறுக்கு, அதிரசம், கல்கல், முந்திரிக்கொத்து, கேக் என்று எல்லாவற்றையும் ஒரே வீட்டில் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. உங்கள் வீட்டார் எதை உண்மையில் விரும்பிச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு, இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒன்றுவிட்ட சகோதரிகளோ பக்கத்து வீட்டாரோ ஆளுக்கொரு பலகாரம் செய்து பங்கிட்டுக்கொண்டால் தட்டும் நிறையும், கூடியிருந்து உருட்டும்போது பேச்சும் நிறையும்.

குமரி மாவட்டத்தாருக்கு முந்திரிக்கொத்து இல்லாமல் கிறிஸ்துமஸ் நிறைவு பெறாது. ஆனால் அதை ஒரே நாளில் செய்வதுதான் இடுப்பை ஒடிக்கும். முதல் நாள் சிறுபயற்றை வறுத்துப் பொடித்து, எள்ளும் ஏலக்காயும் வறுத்த தேங்காய்த் துருவலும் சேர்த்து, வெல்லப் பாகு ஊற்றிச் சூடு ஆறுவதற்குள் சிறு உருண்டைகளாகப் பிடித்து வையுங்கள். இரவெல்லாம் ஆறி இறுகிய உருண்டைகளை மறுநாள், மஞ்சள் சேர்த்துக் கரைத்த பச்சரிசி மாவில் தோய்த்துப் பொரித்தால் உடையாமல் வரும். தேங்காயைச் சிவக்க வறுப்பதில் மட்டும் அவசரம் காட்டாதீர்கள். ஈரம் நின்றுவிட்டால் பலகாரம் சில நாள்களிலேயே காறிப்போகும். பக்குவமாகச் செய்தது பத்து நாளுக்கு மேல் கெடாமல் இருக்கும் என்பதால், மூன்றாம் வாரத்திலேயே செய்து டப்பாவில் அடைத்துவிடலாம்.

தேர்வு எழுதும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், இயேசு பிறந்த தொழுவத்தைச் சொரூபங்களால் காட்டும் குடில் வேலையை ஒரே இரவில் முடிக்க வேண்டாம். 1223இல் இத்தாலியின் கிரேச்சியோ ஊரில் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் வைக்கோலும் மாடும் கழுதையும்தான் இருந்தன. அந்த எளிமையே போதும். முதல் ஞாயிறு குடிலின் சட்டம், இரண்டாம் ஞாயிறு வைக்கோலும் ஆடு மாடுகளும், மூன்றாம் ஞாயிறு மேய்ப்பர்கள், நான்காம் ஞாயிறு மரியாளும் யோசேப்பும் என்று வாரத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தீவனத் தொட்டி மட்டும் வெறுமையாகவே இருக்கட்டும். தம்பிக்கு விட்டுக்கொடுத்தது, பாட்டிக்கு மருந்து எடுத்துக் கொடுத்தது என ஒவ்வொரு நற்செயலுக்கும் ஒரு வைக்கோல் துரும்பைப் பிள்ளைகள் அதில் இடும் பழக்கம், எனக்கு மிகவும் பிடித்தது. பாலன் இயேசுவுக்கு மெத்தை விரிக்கும் அந்த வேலையில் பிள்ளைகள் காத்திருக்கப் பழகிக்கொள்கிறார்கள்.

கேரல் பாடுவோர் நள்ளிரவில் கதவைத் தட்டும்போது திடுக்கிட்டு எழுந்து அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. உங்கள் தெருவுக்கு எந்த நாளில் வருவார்கள் என்று ஆலயத்தில் முன்பே கேட்டுவையுங்கள். பெரிய ஃபிளாஸ்க் ஒன்றில் சுக்குக் காப்பியும் ஒரு தட்டு முறுக்கும் இருந்தால் போதுமானது.

அந்த ஆண்டில் ஒருவரை இழந்த வீடுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் ஊர்களில் அத்தகைய வீட்டில் பலகாரம் சுடுவதில்லை, நட்சத்திரம் கட்டுவதும் இல்லை. அங்கே உற்சாகமூட்டுவதாக எண்ணிக் கூட்டம் சேர்க்க வேண்டாம். உங்கள் வீட்டில் செய்ததில் ஒரு பங்கை 23ஆம் தேதிக்குள் எடுத்துச் சென்று, இறந்தவரைப் பற்றி அவர்கள் பேச விரும்பினால் அமர்ந்து கேளுங்கள். துயரத்தில் இருப்பது உங்கள் வீடேயானால், இந்த ஆண்டு எதையெல்லாம் விட்டுவிடலாம் என்பதை உறவினரிடம் தயங்காமல் முன்பே சொல்லிவிடுங்கள்.

டிசம்பர் 24 மதியம் எல்லாரும் இரண்டு மணி நேரமாவது உறங்குங்கள். அதிகாலை ஆராதனைக்குச் செல்வோர் இரவு ஒன்பதுக்கே விளக்கை அணைத்துவிடலாம். புதுத்துணியையும் காணிக்கைக் கவரையும் முன்கூட்டியே ஒரே இடத்தில் எடுத்து வையுங்கள். ஆலயத்திலிருந்து திரும்பியதும், வீட்டில் ஆகச் சிறிய பிள்ளையின் கையில் பாலன் சொரூபத்தைக் கொடுத்து, சேர்ந்திருக்கும் வைக்கோலின்மேல் கிடத்தச் சொல்லுங்கள்.