வரைவு விதி யாருடைய சொல்லால் மாறியது: கோப்பிலிருந்து அறியும் முறை

மத்திய ஒழுங்குமுறை அமைப்பு ஒன்று வரைவாக வெளியிடும் விதி, அரசிதழில் இறுதி வடிவம் பெறும்போது சில இடங்களில் தளர்ந்திருப்பதுண்டு. அதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருக்கலாம். ஒரு தொழில் துறையின் அழுத்தமும் இருக்கலாம். லாபி செய்வோர், அதாவது நிறுவனங்களுக்காக அரசிடம் செல்வாக்குச் செலுத்த முயல்வோர், தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அமெரிக்காவில் இருப்பது போன்ற சட்டம் இந்தியாவில் இல்லை. ஆகவே குடிமக்கள் நம்பக்கூடிய கருவி, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமே.

எதைத் தேடுகிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். உணவுப் பொட்டலங்களின் முகப்பு லேபிளை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பொருள்களுக்கு எச்சரிக்கைக் குறி வேண்டும் என்று நுகர்வோர் அமைப்புகள் வலியுறுத்தி வந்தன. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வரைவோ நட்சத்திர மதிப்பீட்டை முன்வைத்தது. எச்சரிக்கைக் குறி எந்தக் கூட்டத்தில், யார் இருக்கையில், என்ன காரணத்தால் கைவிடப்பட்டது என்பதே இங்கு கேட்கத்தக்க கேள்வி.

ஆனால் அதை அப்படியே மனுவில் எழுதினால் பதில் கிடைக்காது. பொதுத் தகவல் அலுவலர் தம் அலுவலகத்தில் உள்ள ஆவணத்தைத் தரக் கடமைப்பட்டவர். "ஏன்" என்பதற்கு விளக்கம் எழுதித்தரக் கடமைப்பட்டவர் அல்லர். எனவே ஆவணத்தின் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும்: வரைவின் மீது வந்த கருத்துகளின் நகல்கள், கருத்துவாரியாக எடுக்கப்பட்ட முடிவுகளின் அட்டவணை, கலந்தாய்வுக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பும் வருகைப் பதிவும், முந்தைய வரைவுகள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கோப்பின் குறிப்புத் தாள்கள். அதிகாரிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் அந்தத் தாள்களில்தான் உண்மையான வாதம் நடக்கிறது. நகல்கள் மிகுதியானால், பிரிவு 2(j)-இன்படி கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேட்கலாம். மனுவுக்கான கட்டணம் 10 ரூபாய். காரணம் சொல்லத் தேவையில்லை.

வணிக இரகசியம் என்று மறுப்பு வருவது வழக்கம். ஒரு நிறுவனத்தின் தயாரிப்பு முறை இரகசியமாகலாம். பொதுவிதியை மாற்றச் சொல்லி அது எழுதிய கடிதம் முழுவதும் எப்படி இரகசியமாகும் என்று மேல்முறையீட்டில் கேட்க வேண்டும். இரகசியப் பகுதியை மட்டும் நீக்கி மற்றதைத் தரப் பிரிவு 10 வழிசெய்கிறது. 30 நாள்களில் பதில் இல்லையெனில், அடுத்த 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பிறகு 90 நாள்களுக்குள் தகவல் ஆணையம்.

தொலைத்தொடர்புத் துறையில் இத்தனை சிரமம் இல்லை. அத்துறையின் ஒழுங்குமுறை ஆணையமான டிராய், நிறுவனங்கள் அனுப்பும் கருத்துகளையும் எதிர்க்கருத்துகளையும் தன் இணையதளத்திலேயே வெளியிடுகிறது. மற்ற அமைப்புகளும் இதைச் செய்யத் தடையேதும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆவணங்கள் கைக்கு வந்ததும், இறுதி விதியின் சொற்றொடர்களைச் தொழில்துறைச் சங்கங்களின் கடிதங்களோடு வரிவரியாக ஒப்பிட வேண்டும். ஒரு வாசகம் அப்படியே இடம்பெற்றிருப்பது மட்டுமே முறைகேட்டுக்குச் சான்றாகாது. நல்ல யோசனை யாரிடமிருந்தும் வரலாம். அதை ஏற்றதற்கான காரணம் குறிப்புத் தாளில் பதிவாகியிருக்கிறதா, எதிர்த்தவர்களின் கருத்துக்கு மறுமொழி உண்டா என்று பார்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், அந்தப் பக்கங்களை இணைத்து விதியை வெளியிட்ட அமைப்புக்கும் அதன் அமைச்சகத்துக்கும் எழுத்துமூலம் முறையிடலாம்.