அம்பாசடருக்கு டிஸ்க் பிரேக் போடும் முன்னால் செய்ய வேண்டியவை

மார்க் 2, மார்க் 3 அம்பாசடர் வைத்திருப்பவர்களிடம் பிரேக் பேச்சை எடுத்தாலே "முன்னாடி டிஸ்க் போட்டுடலாமா?" என்றுதான் கேட்பார்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் என்னைக் கேட்டால் முதல் செலவு அதற்கில்லை, பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்கு. அந்தக் கால வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் ஆயில் லைன். எங்கேயாவது ஒரு ஹோஸ் வெடித்தால் மொத்த பிரேக்கும் போச்சு, மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும்தான். டேண்டம், அதாவது உள்ளே ரெண்டு தனி அறை உள்ள மாஸ்டர் சிலிண்டர் போட்டு முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன் இழுத்துவிட்டால், ஒன்று போனாலும் இன்னொன்று வண்டியை நிறுத்தும்.

அப்புறம் இருக்கிற டிரம்மை, அதாவது உள்ளே பிரேக் ஷூ உரசி நிறுத்தும் உருளையைச் சரி பண்ணுங்கள். லேத்தில் கொடுத்து வட்டம் சரியா என்று பாருங்கள், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் கப், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே ஊதி அடைத்திருக்கும், பெடலை விட்ட பிறகும் ஆயில் திரும்பாமல் சக்கரம் இழுத்துக்கொண்டே ஓடும். ஷூ மேல் உரசும் பட்டையான பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அதனால் அந்தத் தூசியை ஏர் அடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். ரப்பரைப் பெட்ரோலில் கழுவாதீர்கள், ஊதிப்போகும்.

பிரேக் ஆயில் விஷயத்தில் நான் பட்டு அறிந்தவன். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பாதி வழியில் பெடல் தரையைத் தொட்டுவிட்டது, செகண்ட் கியருக்கு வந்து ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துத்தான் ஓரம் கட்டினேன். காரணம், பல வருஷமாக மாற்றாத ஆயில். அது காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும். புது டாட் 3 தர ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, தண்ணீர் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்து லைனுக்குள் ஆவி நிற்கும், மிதித்தால் அந்த ஆவிதான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. டாட் 4 என்றால் 230, 155. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள்.

இதெல்லாம் முடிந்ததா? சரி, இப்போது டிஸ்க். பின்னாளில் வந்த அம்பாசடர்களில் கம்பெனியே முன் டிஸ்க்கும், இன்ஜின் வேக்யூமால் மிதியை லேசாக்கும் சர்வோவும் கொடுத்தது, அந்த செட் நல்ல நிலையில் கிடைத்தால் அதுதான் பொருந்தும். டிஸ்க்கைப் பேடால் கவ்விப் பிடிப்பது காலிப்பர், வேறு வண்டிக் காலிப்பர் மாட்டுபவர்கள் பைப் நட்டின் மறையை மறக்காதீர்கள். அம்பாசடர் பைப் நட்டு 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மறை. ஜப்பான் வழி வந்த வண்டிகளில் 10 மி.மீ., மறைக்கு மறை 1 மி.மீ. இடைவெளி. ரெண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், கொஞ்சம் இழுத்து முறுக்கினால் ஏறியும்விடும், பிறகு ஓட்டத்தில் கழன்று ஒழுகும். கையாலேயே முழுதாக ஏறாத நட்டை ஸ்பேனர் போட்டு ஏற்றவே கூடாது.

டிரம்முக்கான மாஸ்டரில் லைனில் எப்போதும் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்திவைக்கும் வால்வு இருக்கும். டிஸ்க்குக்கு அது ஆகாது, பேடு விடாமல் உரசிச் சூடேறும், ஆகவே முன் லைனில் அதை எடுத்துவிட வேண்டும். மாஸ்டர் தரைக்கு அடியில் இருக்கிற வண்டியென்றால் மட்டும் அந்த இடத்தில் 2 பிஎஸ்ஐ அழுத்தம் மட்டும் நிறுத்தும் வால்வு போடுங்கள், இல்லையென்றால் ஆயில் கீழே இறங்கிவிடும். காலிப்பர் பிஸ்டன் பெரியது, அதிக ஆயில் கேட்கும், அதற்காக உள்விட்டம் பெரிய மாஸ்டர் போட்டால் பெடல் கல் மாதிரி ஆகும். அங்கேதான் சர்வோ வேண்டும். டீசல் வண்டிக்குத் தனியாக வேக்யூம் பம்ப் தேவைப்படும், ஆல்டர்னேட்டரோடு சேர்ந்து வருவதைப் பார்த்து வாங்குங்கள்.

கடைசியில் ஏர் எடுப்பது, அதாவது லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. மாஸ்டருக்குத் தூரமான சக்கரத்தில் ஆரம்பித்துக் கிட்டே வாருங்கள், பெடலை மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். ஆள் இல்லாத மைதானத்தில் 20, 30 கி.மீ. வேகத்தில் பிடித்துப் பாருங்கள், பின் சக்கரம் முதலில் லாக் ஆகி சுற்றாமல் நின்றால் பின் லைனில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு போடாமல் ரோட்டுக்கு எடுக்காதீர்கள்.