பனியன் கம்பெனியைத் திரும்பத் திறக்கும்போது: ஹாலின் காற்றும் காய்ச்சல் நாள் சம்பளமும்

2020 மார்ச் 25-ல் கொரோனா ஊரடங்கு வந்தது. பிறகு கம்பெனிகள் திறந்தபோது பெரும்பாலான முதலாளிகள் பணத்தைக் கொட்டியது இரண்டு பொருள்களில்: கிருமிநாசினித் தெளிப்பு, நெற்றியில் பிடிக்கும் வெப்பமானி. திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் 2020 ஏப்ரலில் ஆள்மேல் மருந்து தெளிக்கும் சுரங்கமே வைத்தார்கள். அதே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம், ஆட்கள்மேல் எதையும் தெளிக்கக் கூடாது என்று அறிவித்தது. தெளிப்பு கண்ணையும் தோலையும் தொண்டையையும் எரிக்கும். உடம்புக்குள் போய்விட்ட கிருமியை ஒன்றும் செய்யாது. கிருமியோ மூச்சுக் காற்றில் பரவிக்கொண்டிருந்தது.

மூச்சு வழியாகப் பரவும் தொற்று எது வந்தாலும், கம்பெனியைத் திறக்குமுன் பணமும் கவனமும் முதலில் போக வேண்டியவை இரண்டு: ஹாலுக்குள் எவ்வளவு புதுக் காற்று வருகிறது, காய்ச்சல் வந்தவருக்கு அன்றைய சம்பளம் யார் கொடுப்பது. 60 பேர் வேலை செய்யும் தையல் கம்பெனி ஒன்றை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

ஆள் வருவதற்கு ஒரு வாரம் முன்பு

பூட்டிக் கிடந்த இடத்தைத் திறப்பதே ஆபத்தான வேலை. 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் ஊரடங்கில் நின்றிருந்த ஆலை ஒன்றில் ஸ்டைரீன் வாயு கசிந்து 12 பேர் இறந்தார்கள். இரண்டு நாள் கழித்து தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எல்லா ஆலைகளுக்கும் ஒரு வழிகாட்டுதல் தந்தது: முதல் வாரத்தைச் சோதனை ஓட்டமாக வைத்துக்கொள்ளுங்கள், முதல் நாளே முழு உற்பத்தியை எதிர்பார்க்காதீர்கள். பனியன் கம்பெனிக்கும் இது அப்படியே பொருந்தும். ஏற்றுமதி தேதி நெருக்குகிறது என்று முதல் நாளே எல்லா மெஷினையும் ஒன்றாகப் போடுவதுதான் தவறு.

எலக்ட்ரீஷியன் முதலில் வரட்டும். மூடிய கட்டடத்தில் எலி வயரைக் கடித்திருக்கும். மெயின் சுவிட்சைப் போடுமுன் பேனல் போர்டைத் திறந்து பார்த்து, ஒவ்வொரு லைனாக மின்சாரம் கொடுக்கச் சொல்லுங்கள். மோட்டார் மேலும் கீழும் அடைந்திருக்கும் பஞ்சைச் சுத்தம் செய்த பிறகே ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின்களை ஓட்டலாம். அயர்னிங் பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடி தெளிவாக இருக்கிறதா, சேஃப்டி வால்வு சிக்கிக்கொண்டிருக்கிறதா என்று அதற்கான ஆளை வைத்துப் பாருங்கள். கம்ப்ரசர் டேங்கின் அடியில் தேங்கிய தண்ணீரை இறக்கிவிடுங்கள். மேல்நிலைத் தொட்டியில் வாரக்கணக்கில் நின்ற தண்ணீரை முழுக்கக் கொட்டி, தேய்த்துக் கழுவி, புதிதாக நிரப்புங்கள். தொட்டி மூடி திறந்திருந்தால் அதில் டெங்குக் கொசுப் புழு இருக்கக்கூடும்.

செப்டிக் டேங்க், கழிவுநீர்த் தொட்டி எதற்குள்ளும் ஆளை இறக்காதீர்கள். மூடிக் கிடந்த தொட்டியில் விஷவாயு சேர்ந்திருக்கும், ஒருவர் மயங்கினால் காப்பாற்ற இறங்குகிறவரும் சேர்ந்து போவார். லாரி பம்பை அழைத்து உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள்.

காற்று: கணக்குப் போட்டுச் செய்யுங்கள்

'ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோம்' என்பது போதாது. ஹாலின் மொத்தக் காற்றும் மணிக்கு 5 முறையாவது மாற வேண்டும். நம் ஹால் 60 அடி நீளம், 40 அடி அகலம், 12 அடி உயரம் என்றால் 28,800 கன அடி. அதை 5-ஆல் பெருக்கினால் மணிக்கு 1,44,000 கன அடி, அதாவது நிமிடத்துக்கு 2,400 கன அடி. எக்ஸாஸ்ட் ஃபேன் பெட்டியில் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று போட்டிருந்தால் 2,400 கன அடிக்குச் சமம் சுமார் 4,080 கன மீட்டர். 60 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு நொடிக்கு ஏறக்குறைய 19 லிட்டர் புதுக் காற்று. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்சம் ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர். ஆகவே ஹால் நிறைந்திருந்தாலும் இந்தக் கணக்கு தாங்கும்.

பெட்டியில் எழுதிய அளவு, சுத்தமான ஃபேன் தடையில்லாமல் ஓடும்போது வருவது. பனியன் ஹாலில் பத்து நாளில் பிளேடில் பஞ்சு ஒட்டி, பின்னாலுள்ள வலையும் அடைந்துவிடும். ஆகவே ஒன்றரை மடங்காக, நிமிடத்துக்கு 3,600 கன அடிக்குத் திட்டமிடுங்கள். பெரும்பாலும் இரண்டு 18 அங்குல ஹெவி டியூட்டி ஃபேன் போதும், ஆனால் பெட்டியிலுள்ள எண்ணைக் கூட்டிப் பார்த்தே வாங்குங்கள். வாரம் ஒரு முறை சுவிட்சை அணைத்து பிளேடையும் வலையையும் பிரஷ்ஷால் தேய்க்க ஓர் ஆளை நியமியுங்கள்.

ஃபேனை எங்கே வைப்பது என்பதில்தான் அதிகம் தவறுகிறார்கள். வழக்கமாக ஃபேனுக்கு இரண்டடி தள்ளி ஒரு ஜன்னல் திறந்திருக்கும். அந்த ஜன்னலில் நுழையும் காற்று நேராக ஃபேனுக்குள் போய் வெளியேறிவிடும். ஹாலின் மறுகோடியில் அயர்னிங் மேஜையில் நிற்பவருக்கு ஒரு துளியும் போகாது. ஃபேன் இருக்கும் சுவரில் உள்ள ஜன்னல்களை மூடுங்கள். எதிர்ச் சுவரில் 12 சதுர அடியாவது திறந்து வையுங்கள். அந்தப் பக்கம் அட்டைப்பெட்டிகளை அடுக்கி மறைத்திருந்தால் அவற்றை நகர்த்துங்கள்.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஊதுபத்தி வேண்டாம், துணி இருக்கும் இடம். பேக்கிங் பாலி பேக்கிலிருந்து விரல் அகலம், ஒரு முழ நீளத்துக்கு ஒரு துண்டு கத்தரித்து, திறந்த ஜன்னலின் மேல் சட்டத்தில் ஒட்டித் தொங்கவிடுங்கள். ஃபேனைப் போட்டதும் அது உள்பக்கமாகச் சாய்ந்து படபடக்க வேண்டும். நேராகத் தொங்கினால் காற்று வேறெங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம். வெளிப்பக்கம் சாய்ந்தால் ஃபேனைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள், அல்லது வெளிக்காற்று எதிர்த்து அடிக்கிறது. ஹால் நடுவிலும் மூலையிலும் இதே துண்டை ஒரு குச்சியில் பிடித்துப் பாருங்கள். அசையாத மூலையில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

சீலிங் ஃபேன் இருக்கும் காற்றையே கலக்குகிறது, புதுக் காற்றைக் கொண்டுவராது. ஸ்டாண்டு ஃபேன் இன்னும் மோசம்: வரிசையின் முதலில் இருப்பவர் இருமினால் அது வரிசை முழுக்க எல்லார் முகத்திலும் அடிக்கும். வெயில் காலத்தில் அதை நிறுத்த முடியாது என்பது உண்மை. அப்படியானால் ஜன்னல் பக்கத்திலிருந்து எக்ஸாஸ்ட் பக்கமாக மட்டும் வீசும்படி திருப்பி வையுங்கள்.

முதலாளியும் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்களும் உட்காரும் ஏ.சி. அறையை யாரும் நினைப்பதில்லை. ஸ்பிளிட் ஏ.சி. அறைக் காற்றையே சுற்றி விடுகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஐந்து பேர் கதவைச் சாத்தி உட்கார்ந்தால், அது தையல் ஹாலைவிட ஆபத்தான இடம். கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று வாங்கி அங்கே வையுங்கள். வெளிக்காற்றில் 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் காட்டும். உள்ளே 800-க்குள் இருக்கட்டும், 1,000 தாண்டினால் ஜன்னலைத் திறந்து விடுங்கள் அல்லது ஆளைக் குறையுங்கள். வாங்கும்போது அகச்சிவப்பு சென்சார் உள்ளதா என்று கேளுங்கள். மலிவான சில கருவிகள் சாராய வாடைக்கும் ஏறும், அவை பயன்படாது. சானிடைசர் போட்ட கையை அருகில் கொண்டுபோனதும் எண் எகிறினால் அப்படிப்பட்ட கருவிதான்.

உட்காரும் இடம், முகக்கவசம், டீ

டெய்லரும் கைமடியும் (டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுக்கும் உதவியாளர்) ஒரே மேஜையில் முகத்துக்கு முகம் உட்காருவது நம் தொழிலின் அமைப்பு. அவர்களைப் பிரித்தால் வேலை நிற்கும். அதனால் இருவரையும் ஒரே ஜோடியாக, எப்போதும் அதே மெஷினில் வையுங்கள். இன்று ஒரு லைன் (மெஷின் வரிசை), நாளை வேறு லைன் என்று ஆளை மாற்றாதீர்கள். மெஷின் எண்ணோடு உட்காருமிட வரைபடம் ஒன்று எழுதி தினமும் தேதி போட்டு வையுங்கள். இதன் அருமை பின்னால் தெரியும்.

கம்பெனியிலேயே தைத்த துணிக் கவசம் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் நுண்துளிகளை அதிகம் தடுக்காது. என்95 கொடுங்கள், வால்வு வைத்தது வேண்டாம். வால்வு வெளிவிடும் மூச்சை வடிகட்டாது. மூக்குக் கண்ணாடி போட்டவருக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தால் மேலே இடைவெளி இருக்கிறது, மூக்குக் கம்பியை அழுத்தச் சொல்லுங்கள். மே மாதத்தில் அயர்னிங் ஆளின் கவசம் மதியத்துக்குள் நனைந்துவிடும், அவருக்கு நாளுக்கு இரண்டு. துவைத்துப் போடக் கூடாது.

கவசம் கழற்றப்படும் நேரம் டீ நேரம். காலை 10.30-க்கு 60 பேரும் ஒரே ஷெட்டில் கூடி, முகம் பார்த்துச் சிரித்துப் பேசினால் ஹாலில் செய்த அத்தனையும் வீண். நான்கு அணியாகப் பிரித்து 15 நிமிட இடைவெளி விடுங்கள், டீயைத் திறந்தவெளியில் கொடுங்கள். சனிக்கிழமை சம்பளக் கவரையும் அணி அணியாகவே கொடுங்கள். அவிநாசி, பல்லடம் பக்கம் ஆள் ஏற்றும் வேனில் எல்லா ஜன்னலும் திறந்திருக்க வேண்டும், கவசத்தோடுதான் ஏற வேண்டும். வடமாநிலத் தொழிலாளர்களுக்கான அறிவிப்பை இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஒட்டுங்கள், வாசித்தும் சொல்லுங்கள்.

காய்ச்சலும் கூலியும்

கேட்டில் நெற்றி வெப்பமானி பிடிப்பது கிட்டத்தட்ட பயனற்றது. அறிகுறி வருவதற்கு முன்பே தொற்று பரவும். வெயிலில் பைக்கில் வந்தவருக்கு நெற்றி சுடும். காய்ச்சல் உள்ளவர் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். ஏன் போட்டுக்கொண்டு வருகிறார்? ஒரு நாள் வராவிட்டால் பீஸ் ரேட் (தைத்த எண்ணிக்கைக்கான) கூலி போகும், வருகை போனஸ் போகும். அவரை நாம்தான் பொய் சொல்ல வைக்கிறோம்.

வருகை போனஸைத் தொற்றுக் காலம் முடியும்வரை நிறுத்தி, அந்தத் தொகையை எல்லார் கூலியிலும் சேர்த்துவிடுங்கள். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ளவருக்கு, அரையாண்டுக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், நோய்விடுப்புக்குக் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். ஆனால் முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. காய்ச்சலை மறைத்து வேலைக்கு வருவது சரியாக அந்த இரண்டு நாளில்தான். அந்த இரண்டு நாள் முழுக் கூலியையும், மூன்றாம் நாளிலிருந்து மீதி 30 சதவீதத்தையும் கம்பெனி கொடுக்கட்டும். பீஸ் ரேட் ஆளுக்கு முந்தைய நான்கு வாரச் சராசரியை நாள் கூலியாக வைத்துக்கொள்ளலாம். கான்ட்ராக்டர் மூலம் வருகிறவருக்கும் இதே விதி என்று கான்ட்ராக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள், இல்லாவிட்டால் அது நடக்காது. தடுப்பூசி போடும் நாளுக்கும் மறுநாளுக்கும் சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள்.

மாத்திரை இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்தால் திரும்பி வரலாம், அதன்பின் 5 நாள் என்95 கட்டாயம். அந்தத் தொற்றுக்கு அரசு இதைவிட நீண்ட நாள் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

துடைப்பது

சோப்புத் தண்ணீரே பெரும்பாலான இடத்துக்குப் போதும். மெஷின் ஆயில் பட்ட கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது, சோப்பு போட்டுத்தான் கழுவ வேண்டும். அயர்னிங் மேஜைப் பக்கம் சானிடைசர் பாட்டிலே வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். கழிப்பறைக்கும் கைப்பிடிகளுக்கும் பிளீச்சிங் பவுடர் லிட்டருக்கு 3 கிராம் போதும். தினமும் புதிதாகக் கரையுங்கள், பழைய மூட்டையில் வீரியம் போயிருக்கும். கழிப்பறை ஆசிட்டோடு கலந்தால் குளோரின் வாயு வரும். துணி வெட்டும் மேஜை அருகே தெளித்தால் சாயத் துணியில் வெள்ளைப் புள்ளி விழும்.

ஒருவருக்குத் தொற்று உறுதியானால்

உட்காருமிட வரைபடத்தை எடுங்கள். அறிகுறி தொடங்கியதற்கு இரண்டு நாள் முன்பிருந்து, அவருக்கு ஆறடிக்குள் ஒரே நாளில் மொத்தம் 15 நிமிடமாவது இருந்தவர்களைப் பட்டியலிடுங்கள். கைமடி, பக்கத்து மெஷின் டெய்லர், ஒன்றாக டீ குடித்தவர், ஹாஸ்டல் அறையில் கூடத் தங்குபவர், வேனில் பக்கத்து இருக்கை. நோயாளியின் பெயரை யாரிடமும் சொல்லாமல் இவர்களிடம் தனித்தனியாகப் பேசுங்கள். அறிகுறி இருந்தால் அன்றே பரிசோதனை, இல்லாவிட்டால் ஐந்தாம் நாள். முடிவு வரும்வரை கூலியோடு வீட்டிலோ தனி அறையிலோ இருக்கட்டும். நோயாளியைக் கம்பெனி வேனில் மற்றவர்களோடு அனுப்பாதீர்கள். ஹாலைப் புகைபோட வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் ஆள் இல்லாமல் எக்ஸாஸ்ட்டை ஓடவிட்டு, அவர் தொட்ட மேஜையையும் மெஷின் பிடியையும் துடைத்துவிட்டு லைனைத் திரும்ப ஓட்டலாம். ஒரே லைனில் ஒரே வாரத்தில் மூன்றாவது ஆள் நோயில் படுத்தால் அந்த லைனை நிறுத்துங்கள். பாலி பேக் துண்டை எடுத்துக்கொண்டு அந்த மூலைக்குப் போய், காற்று ஓடுகிறதா என்று மறுபடியும் பாருங்கள்.