அமீரகத்துக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

"அவர் மூணு வருஷமா அங்கேதானே இருக்கார், எல்லாம் தெரியும்." இந்தத் தைரியத்தில்தான் பல குடும்பங்கள் விமானம் ஏறுகின்றன. நானும் அப்படித்தான் ஷார்ஜாவில் வந்து இறங்கினேன். என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தது ஆபீஸ், பெட் ஸ்பேஸ் (பகிர்ந்து தங்கும் அறையில் ஒரு கட்டில்), மெஸ் சாப்பாடு, மாசம் பிறந்தால் எக்ஸ்சேஞ்சில் நின்று பணம் அனுப்புவது, அவ்வளவுதான். எந்தப் பள்ளியில் இடம் இருக்கிறது, ஸ்கூல் பஸ் எங்கள் தெருவுக்கு வருமா என்றால் விழித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தனியாள் பார்க்கிற அமீரகம் வேறு, பிள்ளைகுட்டியோடு வாழ்கிற அமீரகம் வேறு. நான் பார்த்த தவறுகளில் பாதி இந்த வித்தியாசம் தெரியாமல் செய்தவைதான்.

முதலில் காகிதம். நம் ஊர் இனிஷியல் பழக்கம் இங்கே படுத்தும் பாடு கொஞ்சமில்லை. பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் மட்டும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, கல்யாணச் சான்றிதழில் அம்மாவுக்குப் பழைய இனிஷியல் என்று மூன்று விதமாக இருந்தால், ஒவ்வொரு கவுண்டரிலும் நின்று விளக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் இன்னும் சிக்கல். ஒற்றைப் பெயர்க்காரர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் விதி வந்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் விடுவார்கள். டிக்கெட் போடும் முன் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

அடுத்து அட்டஸ்டேஷன், அதாவது சான்றிதழ் அசல்தான் என்று அரசு முத்திரை வாங்குவது. சவூதிக்கோ ஓமனுக்கோ போன உறவினர் "அப்போஸ்டில் போட்டா போதும்" என்பார். பல நாடுகள் சேர்ந்து ஏற்றுக்கொண்ட ஒற்றை முத்திரை அது. அவர் போன நாட்டுக்கு அது சரி. அமீரகத்துக்குப் போதாது. மாநில அரசு முத்திரை, டெல்லி வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், கடைசியாக இங்குள்ள வெளியுறவு அமைச்சகம் என்று படிப்படியாக ஏற வேண்டும். கல்யாணச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் குடும்ப விசாவுக்கு வேண்டும். பிள்ளையின் டி.சி.க்கும் முத்திரை கேட்பார்கள். ஊரிலிருந்து கிளம்பிய பிறகு இதைச் செய்ய நினைத்தால் அசல் காகிதத்தைக் கூரியரில் அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்போடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, பள்ளியை முடிவு செய்யாமல் வீட்டைப் பிடிப்பது. துபாயில் வேலை, ஷார்ஜாவில் வாடகை குறைவு, சரி ஷார்ஜாவிலேயே வீடு என்று ஆண்கள் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். வாடகைக்கு வரப்போகும் தேதிகளைப் போட்ட காசோலைகளைக் கொடுத்து ஒரு வருட ஒப்பந்தமும் போட்டாயிற்று. அப்புறம்தான் பள்ளி தேடும் படலம். பிடித்த பள்ளி துபாயில் இருக்கும். மாலை நேரத்தில் துபாய்–ஷார்ஜா சாலையில் ஒரு தடவை மாட்டிப் பாருங்கள், ஆறு வயதுப் பிள்ளையை அந்த பஸ்ஸில் உட்கார வைக்க மனசு வராது.

லீவு விஷயமும் இருக்கிறது. 2022 ஜனவரி முதல் அமீரகத்தில் வார விடுமுறை சனி, ஞாயிறு. வெள்ளி அரை நாள். ஆனால் ஷார்ஜாவில் வெள்ளியும் சேர்த்து மூன்று நாள் விடுமுறை. பிள்ளை ஷார்ஜா பள்ளியில், அப்பா துபாய் கம்பெனியில் என்றால் வெள்ளிக்கிழமை காலை அவர் அவசரமாக டை கட்டுவதை இவன் போர்வைக்குள்ளிருந்து வேடிக்கை பார்ப்பான். அம்மாவும் வேலைக்குப் போகிறவர் என்றால், அன்றைக்குப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பதை வருவதற்கு முன்பே பேசி வைக்க வேண்டும்.

துபாய்ப் பள்ளி என்றால் கே.எச்.டி.ஏ. என்கிற கல்வி ஆணையத்தின் தளத்தில் ஒவ்வொரு பள்ளியின் ஆய்வு அறிக்கையும் கட்டணமும் இருக்கின்றன. சொந்தக்காரர் சொன்னார் என்று மட்டும் சேர்க்காமல் அதைப் படியுங்கள். பஸ், சீருடை, புத்தகம் எல்லாம் தனிக்கணக்கு. இங்குள்ள சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு ஆண்டு ஏப்ரலில் தொடங்கும். ஆனால் ஜூலை, ஆகஸ்ட் கோடை விடுமுறை. ஊரில் மே மாத லீவு முடிந்து, சாமான் கட்டி, ஜூன் கடைசியில் வந்து சேர்ந்தீர்கள் என்றால், வெளியே நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் இரண்டு மாதம் பிள்ளையை வீட்டுக்குள் வைத்துச் சமாளிக்க வேண்டும். அதற்கு ஏப்ரலுக்கு முன்பே வந்துவிடலாம்.

"நாம சி.பி.எஸ்.இ. தானே, அரபி எதுக்கு?" என்று விட்டுவிடுவது அடுத்த தவறு. தனியார் பள்ளிகளில் அரபியைத் தாய்மொழியாகக் கொள்ளாத பிள்ளைகளுக்கும் 9-ஆம் வகுப்பு வரை அரபி கட்டாயம். நடுவில் வந்து சேரும் பிள்ளை, நாலு வருடம் படித்தவர்களோடு உட்கார வேண்டியிருக்கும். ஊரில் இருக்கும்போதே எழுத்துகளையாவது தொடங்கிவிடுங்கள். பயப்பட ஒன்றுமில்லை. பா, தா, ஸா மூன்றும் ஒரே படகு வடிவம்தான். கீழே ஒரு புள்ளி வைத்தால் பா, மேலே இரண்டு வைத்தால் தா, மூன்று வைத்தால் ஸா. புள்ளியை விட்டால் எழுத்தே மாறிவிடும் என்பது நம் பிள்ளைகளுக்குப் புதிதா என்ன? வசூல், பாக்கி, ரத்து, ஆஜர், வக்கீல் என்று நாம் தினம் சொல்லும் சொற்களே அரபியிலிருந்து வந்தவை.

ஒன்று மட்டும் வேண்டாம். அப்பா பிள்ளைக்கு அரபி சொல்லிக்கொடுக்கக் கூடாது. எங்கள் வீட்டில் நடந்தது. 'தெரியாது' என்பதற்கு அவர் கற்றுக்கொடுத்தது "மாஃபி மாலூம்". தொழிலாளர் முகாமிலும் டாக்ஸியிலும் ஓடுகிற அரபி அது. பையன் அதை வகுப்பில் சொல்ல, டீச்சர் சிரித்துவிட்டு "லா அஅரிஃப்" என்று திருத்தி அனுப்பினார்.

தமிழ் எல்லாப் பள்ளியிலும் கிடைக்காது. இந்தி, மலையாளம் இருக்கும், தமிழ் இருக்காது. சேர்க்கும்போதே கேளுங்கள். நாளைக்கு ஊர் திரும்பினால் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம்.

பெட்டி கட்டும்போது கசகசாவை எடுத்து வெளியே வையுங்கள். இங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். தனிப் பொட்டலம் வைக்காவிட்டாலும், மாமியார் ஆசையாக அரைத்துத் தந்த குருமாப் பொடியில் இருக்கும். என்னவெல்லாம் போட்டார் என்று கேட்டுவிடுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் என்கிற வலி மருந்து, தூக்க மாத்திரை போன்றவற்றுக்கு மருத்துவர் சீட்டும் முன் அனுமதியும் வேண்டும்.

ரமலானில் பகலில் பிறர் பார்க்கச் சாப்பிடாமல் இருப்பது மரியாதை. பூங்காவில் பிள்ளையைப் படம் எடுக்கும்போது பின்னால் வேறு குடும்பம் விழாமல் பாருங்கள், அனுமதியின்றி அடுத்தவரைப் படம் எடுப்பது இங்கே குற்றம். பெற்றோர் வாட்ஸப் குழுவில் கோபத்தில் யாரையாவது திட்டி எழுதினால் அதுவும் வழக்கு வரை போகும்.

வாட்ஸப் என்றதும் நினைவு வருகிறது. அதில் செய்தி போகும், அழைப்பு போகாது. இங்கே போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகளில்தான் பேச முடியும். கிளம்பும் முன் அம்மாவின் போனில் அதைப் போட்டு, பேசிப் பழக்கிவிட்டு வந்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை. முதல் இரண்டு வாரம் அம்மா வாட்ஸப்பில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பேரன் தன்னை மறந்துவிட்டான் என்று எதிர்வீட்டு அக்காவிடம் அழுதிருக்கிறார்.